பார்ப்பதும் காண்பதும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில், மாணவர்க்குப் பயன்படும் அறிவியல் செய்தி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் மருத்துவன் அல்லேன். கலைப் பாடத்தில் பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணியாற்றி வருபவன். ஆயினும் என் பணிக்காலம் முழுவதும் என்னை விட்டு நீங்காத கேள்வி ஒன்று உண்டு. பாடநூல் ஒன்றே, கால அட்டவணையும் ஒன்றே, பிள்ளைகளும் ஒரே தெருக்களிலிருந்து வருகின்றவர்களே. இருந்தும் ஒரு வகுப்பில் மாணவர் தேறுகின்றனர். அடுத்த வகுப்பில் பின்தங்குகின்றனர். இது ஏன்? இதே கேள்வியை மருத்துவ உலகம் தன்னைப் பார்த்துத் தானே கேட்டுக்கொண்ட வரலாறு ஒன்றைப் படித்தேன். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பெருங்குடலில் தோன்றும் பாலிப் என்னும் சதைமுளைகளைக் கண்டறிவதும், அவ்வாறு கண்டறியும் திறனை வளர்க்க ஆய்வாளர்கள் செய்துள்ள பணியும் என் பேச்சின் பொருளாகும்.

விழா மேடையில் குடலைப் பற்றியும் மலத்தைப் பற்றியும் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பும் உயிர்களைக் கொள்ளை கொண்டு போகும் காரணங்களுள் ஒன்று. ஆகவே நாணமின்றிப் பேசுவோம்.

நாம் உண்ணும் உணவு சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. வலப்பக்கம் மேலேறி, வயிற்றின் குறுக்கே சென்று, இடப்பக்கம் கீழிறங்கி, மலக்குடலில் முடிகிறது. அதன் உட்சுவரில் வயது ஏற ஏறச் சிலருக்குச் சிறு சிறு முளைகள் தோன்றுகின்றன. சில காளானைப் போலக் காம்புடன் நிற்கும். சில மடிப்புகளுக்கிடையே தட்டையாகப் படர்ந்து கிடக்கும். இவற்றுள் அடினோமா எனப்படும் வகையைச் சேர்ந்த சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகின்றன. எல்லா முளையும் புற்றாவதில்லை; பெரும்பாலானவை ஆவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்களுள் மிகப்பெரும்பாலானவை இத்தகைய முளைகளிலிருந்தே தொடங்குகின்றன. முளை புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகள் அளவில் ஆகும் என்பர். லண்டன் புனித மார்க் மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் பேசில் மார்சன் 1970-களில் இந்தப் படிநிலையைத் தெளிவுபட விளக்கினார். 1988-இல் அமெரிக்க அறிஞர் பெர்ட் வோகல்ஸ்டீனும் அவர் குழுவினரும், அப்படிகளில் மரபணுக்கள் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைகின்றன என்பதைக் காட்டினர்.

10 ஆண்டு அவகாசம் தரும் நோய் மிகச் சிலவே. ஆனால் அந்த 10 ஆண்டுகளில் வலி இராது, காய்ச்சல் இராது, பெரும்பாலும் எந்த அடையாளமும் இராது. அடையாளம் தோன்றும் காலத்திலோ நாம் அதற்கு வேறு பெயர் சூட்டிவிடுகிறோம். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், மலத்தில் குருதி கண்டபோது அதனை மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டார். மோர் குடித்தார், காரத்தைக் குறைத்தார், நாட்டு மருந்து உண்டார். யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டார். இரண்டாண்டுகள் சென்றபின் மருத்துவரிடம் போனபோது நோய் கல்லீரலை எட்டியிருந்தது. அவருக்கு மருந்து வாங்கப் பணம் இருந்தது. மருத்துவமனையும் தொலைவில் இல்லை. பேசக் கூசியதால் அந்த இரண்டாண்டுகள் பறிபோயின.

இனிக் கருவியின் வரலாற்றுக்கு வருவோம். இருளடைந்த குடலுக்குள் எவ்வாறு பார்ப்பது? ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். குடலோ வளைந்து வளைந்து செல்கிறது. வளைந்த பாதையில் ஒளியையும் உருவத்தையும் கொண்டுசெல்ல வழி கண்டவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். 1926-இல் பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹாரல்டு ஹாப்கின்சுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அவற்றின் வழியே உருவத்தை அனுப்பலாம் என்பதை 1954-இல் நிறுவினார். அந்த வழியைப் பின்பற்றி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் 1957-இல் வளையும் இரைப்பை உள்நோக்கியை உருவாக்கினார். நோயாளிக்குச் செலுத்தும் முன் தம் தொண்டைக்குள்ளேயே அதனைச் செலுத்திப் பார்த்துக்கொண்டார். அடுத்த பத்தாண்டுகளில் பெருங்குடலுக்கும் அத்தகைய கருவி பிறந்தது. அதனைச் செலுத்திப் பார்க்கும் சோதனையே கொலனோஸ்கோப்பி.

முதலில் இக்கருவி பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. முளையை நீக்க வேண்டுமெனில் வயிற்றைக் கிழித்துத்தான் ஆக வேண்டும். 1969-இல் நியூயார்க் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு அறுவை மருத்துவர்கள் அந்நிலையை மாற்றினர். உள்நோக்கியின் வழியே மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்தி, முளையின் கழுத்தில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தெடுத்தனர். குடலின் உட்சுவர் அறுபடும் வலியை உணர்வதில்லை. வயிற்றைக் கிழிக்க வேண்டிய அறுவை, அன்று மாலையே வீடு திரும்பும் சோதனையாக மாறியது. நோயைக் காணும் கருவியே நோயை வருமுன் தடுக்கும் கருவியும் ஆயிற்று.

தடுத்தது உண்மைதானா? அறிவியல், நல்ல எண்ணத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. எண்ணிக் காட்டச் சொல்கிறது. அமெரிக்க தேசிய பாலிப் ஆய்வு என்னும் பெயரில், சிட்னி வினாவரும் அவர் குழுவினரும், முளைகள் நீக்கப்பட்ட 1,418 பேரை ஏறத்தாழ 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முளை நீக்கப்படாத பிறரோடும் பொதுமக்களோடும் ஒப்பிடுகையில், இவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருந்ததாக 1993-இல் அறிவித்தனர். 2012-இல் வெளியான தொடர் ஆய்வில், அடினோமா நீக்கப்பட்ட 2,602 பேரிடையே இந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை, எதிர்பார்க்கத்தக்க அளவினும் 53 விழுக்காடு குறைவு எனத் தெரியவந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் இங்கு வந்து பேச வேண்டியதில்லை. கருவி கிடைத்தது, நோய் ஒழிந்தது என்று ஒரு வரியில் பாடநூலில் எழுதிவிடலாம். ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. சோதனை செய்துகொண்டு, "குடல் தூய்மையாக உள்ளது" என்று சான்று பெற்று வீடு திரும்பியவர்களுள் சிலருக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே புற்றுநோய் வந்தது. முளை புற்றாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்றால், இது எங்கிருந்து வந்தது? ஒருவேளை அன்றே அங்கு இருந்ததோ? பார்த்த கண் அதைக் காணவில்லையோ?

இந்த ஐயத்தைத் தீர்க்க அமெரிக்காவின் இண்டியானாவில் டக்ளஸ் ரெக்ஸ் என்னும் மருத்துவர் எளியதொரு வழியைக் கையாண்டார். 183 பேருக்கு, ஒரே நாளில், ஒன்றையடுத்து ஒன்றாக இருமுறை சோதனை செய்யப்பட்டது. முதல் முறை கண்ட முளைகள் நீக்கப்பட்டன. இரண்டாம் முறை எஞ்சியவை தேடப்பட்டன. 1997-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. அடினோமாக்களுள் 24 விழுக்காடு முதல் முறையில் தப்பியிருந்தன! 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய முளைகளில் 6 விழுக்காடும், 5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் ஆனவற்றில் 27 விழுக்காடும் தப்பின. தேர்ந்த மருத்துவர்கள் செய்த சோதனையிலேயே இந்த நிலை.

மருத்துவர்கள் இதனை மறைத்துவிடவில்லை. தம் குறையைத் தாமே அளந்து, தாமே அச்சிட்டு, உலகறியச் செய்தனர். இளைஞர்களே, அறிவியலின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

அடுத்த கேள்வி, யார் கண்ணுக்குத் தப்புகிறது என்பது. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் ஒரே மருத்துவக் குழுவைச் சேர்ந்த 12 மருத்துவர்கள் தம் பணியைத் தாமே ஆராய ஒப்புக்கொடுத்தனர். உள்நோக்கியை முதலில் குடலின் தொடக்க முனை வரை செலுத்திவிடுவார்கள். பின்னர் மெல்ல வெளியே இழுத்து வரும்போதுதான் சுவரை உற்று நோக்குவார்கள். முளை எதுவும் காணப்படாத சோதனைகளில் இவ்வாறு இழுத்து வர ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் கணக்கிடப்பட்டது. 6 நிமிடமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், தாம் சோதித்தவர்களுள் 28.3 விழுக்காட்டினரிடம் முளைகளைக் கண்டனர். 6 நிமிடத்துக்குக் குறைவாக எடுத்துக்கொண்டவர்கள் 11.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே கண்டனர். 2006-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின், 6 நிமிடம் என்பது உலகெங்கும் ஓர் அளவுகோலாயிற்று. ஒரே ஊர், ஒரே கருவி, ஒரே வகை மக்கள். விளைவிலோ இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. வேறுபாடு பொறுமையில் இருந்தது.

"அப்படியானால் கடிகாரத்தை மாட்டிவிட்டால் போதுமே!" என்று ஆய்வாளர் எண்ண மாட்டாரா? பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், குறைந்தது 7 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வகுத்தார்கள். விதி நன்றாகவே பின்பற்றப்பட்டது. கண்டறியப்பட்ட முளைகள் மட்டும் கூடவில்லை என்று 2008-இல் அறிவிக்கப்பட்டது. இதைப் படித்தபோது என் மனம் பள்ளிக்கூடத்துக்குச் சென்றது. மணியடிக்கும் வரை வகுப்பில் நிற்பதால் மட்டும் பாடம் நடந்ததாகிவிடுமா? அந்த நேரத்தில் கண்ணும் கருத்தும் எங்கே இருந்தன என்பதே பொருள். குடலின் ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் எட்டிப் பார்த்தாரா, தேங்கிய அழுக்கைக் கழுவினாரா, காற்றூட்டிச் சுவரை விரித்தாரா என்பவை தாம் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

ஆகவே கடிகாரத்தினும் சிறந்த அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. ஒரு மருத்துவர் சோதிக்கும் 100 பேருள் எத்தனை பேரிடம் ஓர் அடினோமாவையேனும் கண்டறிகிறார் என்பதே அந்த அளவுகோல். இதனைக் கண்டறியும் விகிதம் எனலாம். போலந்து நாட்டில் மைக்கேல் காமின்ஸ்கியும் அவர் குழுவினரும் 186 மருத்துவர்கள் செய்த 45,026 சோதனைகளை ஆராய்ந்தனர். விகிதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்த மருத்துவர்களிடம் சோதித்துக்கொண்டவர்களுக்கு, அடுத்த சோதனைக்கு முன்னரே புற்றுநோய் வரும் ஆபத்து மிகுதி என்று 2010-இல் காட்டினர். 2014-இல் வட கலிஃபோர்னியாவில் டக்ளஸ் கார்லியின் குழு இன்னும் பெரிய கணக்கெடுத்தது. 136 மருத்துவர்கள், 3,14,872 சோதனைகள். ஒருவருடைய கண்டறியும் விகிதம் 7.4, மற்றொருவருடையது 52.5! விகிதம் 1 விழுக்காடு உயர உயர, பின்னர்ப் புற்றுநோய் வரும் ஆபத்து 3 விழுக்காடு குறைந்தது. மேல்நிலையில் இருந்த ஐந்தில் ஒரு பகுதி மருத்துவர்களிடம் சென்றவர்களுக்கு, கடைநிலை ஐந்தில் ஒரு பகுதியினரிடம் சென்றவர்களைக் காட்டிலும், இந்நோயால் இறக்கும் ஆபத்து 62 விழுக்காடு குறைவு.

கேட்பதற்கு அச்சமாக இருக்கிறதல்லவா? ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் போலந்திலிருந்தே வந்தது. 294 மருத்துவர்களுக்கு அவரவர் விகிதத்தை ஆண்டுதோறும் கணக்கிட்டுத் தெரிவித்துவந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் தம் நிலையை உயர்த்திக்கொண்டனர். அவ்வாறு உயர்ந்தவர்களிடம் சோதித்துக்கொண்டோர்க்குப் பின்னாளில் நோய் வருவதும் குறைந்தது, இறப்பும் குறைந்தது என 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கூரிய பார்வை பிறவியில் சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று எண்ண வேண்டா. அது கற்றுக்கொள்ளக் கூடியது; அளந்து காட்டினால் வளரக் கூடியது. "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று நெற்றியில் எழுதி ஒட்டும் பழக்கமுடையோர் இந்த ஆய்வை ஒருமுறை படித்தல் நலம்.

கண்டறியும் திறனை உயர்த்தும் வேறு வழிகளும் ஆராயப்பட்டன. அவற்றுள் முதன்மையானது குடலைத் தூய்மை செய்வது. பேதி மருந்து முழுவதையும் முந்தின நாளே குடிப்பதைவிட, பாதியை முந்தின மாலையும் மீதியைச் சோதனை நாள் காலையும் குடித்தால் குடல் நன்கு தூய்மையாகிறது. முளைகளும் மிகுதியாகத் தென்படுகின்றன. இஃது எவ்விதப் புதுக் கருவியும் வேண்டாத முன்னேற்றம். உள்நோக்கியின் நுனியில் சிறு உறையை மாட்டி மடிப்புகளை விரித்துப் பார்ப்பது, சாயம் தெளித்துத் தட்டையான முளைகளை வேறுபடுத்திக் காண்பது ஆகியனவும் பயன் தந்தன. மருத்துவருடன் தாதியும் சேர்ந்து திரையைக் கவனித்தால் முளைகள் கூடுதலாகக் கண்டறியப்படுகின்றன என்றும் சில ஆய்வுகள் கூறுகின்றன. செவிலியர் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் நம் பெண் பிள்ளைகள் இதனை மனத்தில் வைத்தல் வேண்டும். அந்த அறையில் தட்டு ஏந்தி நிற்பதோடு உங்கள் பணி முடிவதில்லை. நீங்கள் கண்டு சொல்லும் ஒரு புள்ளி ஓர் உயிரைக் காக்கலாம்.

அண்மைக் காலத்தில் கணிப்பொறியும் இப்பணியில் இறங்கியுள்ளது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, திரையில் முளை தோன்றும் கணத்திலேயே அதனைச் சுற்றிக் கட்டமிட்டுக் காட்டுகிறது. சீனாவின் செங்டு நகரில் 1,058 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கணிப்பொறித் துணையின்றி 20.3 விழுக்காடாக இருந்த கண்டறியும் விகிதம், துணையுடன் 29.1 விழுக்காடாயிற்று. இத்தாலியில் 2020-இல் வெளியான ஆய்வில் 40.4 விழுக்காடு 54.8 ஆக உயர்ந்தது. 2021-இல் அமெரிக்க அரசு இத்தகைய கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் போலந்து ஆய்வாளர்கள் மீண்டும் ஒரு கேள்வி எழுப்பினர். கணிப்பொறிக்குப் பழகிய மருத்துவர், அது இல்லாத நாளில் எப்படிப் பார்க்கிறார்? நான்கு மையங்களில் கணக்கெடுத்தபோது, கணிப்பொறி வருவதற்கு முன் 28.4 விழுக்காடாக இருந்த விகிதம், அது வந்தபின் அதன் துணையின்றிச் செய்த சோதனைகளில் 22.4 ஆகக் குறைந்திருந்தது. 2025-இல் வெளியான இம்முடிவை மேலும் ஆராய வேண்டும் என்றே அறிஞர் கூறுகின்றனர். வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆயினும் எச்சரிக்கை தெளிவாக உள்ளது. வாய்ப்பாட்டை மறந்து கணக்குப் பொறியை நம்பும் மாணவனுக்கு நேர்வது தேர்ந்த மருத்துவருக்கும் நேரலாம். கருவி கண்ணுக்குத் துணையாகட்டும். கண்ணை உறங்கச் செய்ய வேண்டா.

இதுவரை சோதனை அறைக்குள் நடப்பதைப் பேசினேன். அறைக்குள் வராதவர்களின் நிலை என்ன? போலந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 84,585 பேரைக் கொண்டு நடத்திய பேராய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியினர்க்கு மட்டும் சோதனைக்கு வருமாறு அழைப்பு அனுப்பப்பட்டது. அழைக்கப்பட்டோருள் வந்தவர் 42 விழுக்காட்டினரே. 10 ஆண்டுகளில், அழைக்கப்பட்ட பகுதியில் நோய் 18 விழுக்காடு குறைந்தது. இறப்பில் தெளிவான வேறுபாடு அதற்குள் தென்படவில்லை. வாராதவர்க்கு எந்தக் கருவியும் உதவ முடியாதல்லவா?

வாராமைக்குக் காரணங்கள் பல. நாணம் அவற்றுள் ஒன்று என்றேன். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் என்னும் அம்மையார், 1998-இல் தம் கணவரை 42 வயதில் இந்நோய்க்குப் பலி கொடுத்தார். 2000-ஆம் ஆண்டில் தமக்குச் செய்யப்பட்ட கொலனோஸ்கோப்பியை நாடே காணத் தொலைக்காட்சியில் காட்டச் செய்தார். அதன்பின் அந்நாட்டில் இச்சோதனை செய்துகொள்வோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை ஆய்வாளர் பதிவு செய்தனர். ஒரு பெண்மணி தம் நாணத்தை ஒதுக்கி வைத்தமையால் பல்லாயிரவரின் நாணம் விலகிற்று.

மற்றொரு காரணம் வறுமையும் புறக்கணிப்பும் ஆகும். இங்குதான் நம் சங்கத்தார் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இந்நோயால் வெள்ளையரைவிட மிகுதியாக இறந்துவந்தனர். இரத்தத்தில் குறை, உணவில் குறை, அறியாமை என்று காரணம் கூறிக் கைகழுவியோர் இருந்தனர். டெலவேர் என்னும் சிறு மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. 2002 முதல், காப்பீடு இல்லாதவர்க்கும் சோதனைச் செலவை அரசே ஏற்றது. மருத்துவமனைகளில் வழிகாட்டும் செவிலியர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மக்களைத் தேடிச் சென்று பேசினர், நாள் குறித்துக் கொடுத்தனர், பேதி மருந்து குடிக்கும் முறையைச் சொல்லித் தந்தனர், போக்குவரத்துக்கும் உதவினர். நோய் கண்டவர்க்குச் சிகிச்சைச் செலவுக்கும் அரசு வழி செய்தது.

விளைவைக் கேளுங்கள். 2002-இல் கறுப்பின மக்களுள் 48 விழுக்காட்டினரே சோதனை செய்திருந்தனர். 2009-இல் அது 74 விழுக்காடாயிற்று. மாநில மக்கள் அனைவருக்குமான அளவும் அதே 74 விழுக்காடு! இடைவெளி மறைந்தது. நோய் முற்றிய நிலையில் வரும் கறுப்பினத்தவர் 79 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைந்தனர். அவர்களிடையே ஒரு லட்சம் பேருக்கு 31.2 ஆக இருந்த இறப்பு 18 ஆக இறங்கியது; வெள்ளையரிடையே அது 16.9. ஏழெட்டு ஆண்டுகளில் இது நடந்தது. அதே இரத்தம், அதே மக்கள். மாறியது அவர்களை நாடிச் சென்ற ஏற்பாடு ஒன்றே. தாழ்வு மக்களின் பிறப்பில் இருப்பதாகச் சொல்வோர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. 25 ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று பள்ளியில் சேர்த்து வருவதன் பொருளும் இதுவே அன்றோ?

இனி நமக்கு இதனால் ஆகவேண்டியது என்ன? நம் நாட்டில் இந்நோய் மேலைநாடுகளை விடக் குறைவு. நம் அரசின் பொதுமக்கள் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றை நோக்கியே அமைந்துள்ளது. ஆகவே எல்லோரும் நாளையே ஓடிச் சென்று கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள் என்று நான் கூற வரவில்லை. அச்சோதனையில் அரிதாகவேனும் குருதிக்கசிவு, குடலில் துளை விழுதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. ஆனால் சில அடையாளங்களைப் புறக்கணித்தல் ஆகாது. மலத்தில் குருதி, வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல், காரணம் தெரியாத இரத்தசோகை, இவற்றுள் எது தோன்றினும், "மூலம்" என்று நாமே தீர்ப்பு எழுதாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று கூச்சமின்றிச் சொல்லுதல் வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோருள் எவருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். அத்தகையோர் 40 வயதிலோ, உறவினர்க்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போதே சோதனையைத் தொடங்க வேண்டும் என்று மேலைநாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதியைக் கண்டறியும் எளிய சோதனையும் உண்டு; யாருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே சொல்லத்தக்கவர்.

வீட்டில் இருக்கும் முதியோர் இவற்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். படித்த பிள்ளைகளாகிய நீங்கள்தாம் கேட்க வேண்டும். "அம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்பதோடு நில்லாமல், பொறுமையாக உட்கார்ந்து மறுமுறையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்றே விடை வரும். 6 நிமிடமேனும் உட்காருங்கள்!

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஆய்வுக்கூடப் பணியாளராகலாம், என்னைப் போல் ஆசிரியராகலாம். எந்தப் பணியாயினும், உங்கள் பணியின் விளைவை எண்ணிப் பாருங்கள். பிறர் எண்ணிக் காட்டினால் சினம் கொள்ளாதீர்கள். விரைந்து முடித்தவரைவிட, மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தவரே உயிர் காத்தார் என்பதை மறவாதீர்கள். நாம் பலகாலம் பிறர் பார்வையில் படாமல் மடிப்புகளுக்குள் மறைந்து கிடந்த மக்கள். ஆதலின், பார்ப்பதற்கும் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நாளை நீங்கள் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், உங்கள் முன் வந்து நிற்பவரைக் காணுங்கள்.